மாலைவரை நிற்கும் மணம்

ஐம்புலன்களுள் கண்ணுக்கும் செவிக்கும் மனிதர் தரும் மதிப்பை மூக்கிற்குத் தருவதில்லை. கண்ணுக்கு இனிய ஓவியத்தையும் செவிக்கு இனிய இசையையும் கலை என்று போற்றுகிறோம். மூக்கிற்கு இனியதை மட்டும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும் ஒரு வீட்டினுள் காலடி வைத்த மாத்திரத்தில் நம்மை முதலில் வரவேற்பது அவ்வீட்டின் மணமே அன்றோ? குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் இதனை நாம் உணர்ந்திருக்கிறோம். பிள்ளை பெற்ற வீட்டில் வசம்பும் சாம்பிராணியும் மணக்கும். முதியவர் படுத்திருக்கும் அறையில் தைலம் மணக்கும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதிகாலைக் காப்பி மணக்கும். மணம் என்பது ஒரு வீட்டின் பேசாத மொழி.

அண்மைக் காலமாக வேலைக்குச் செல்லும் இளைஞரும் இளம் பெண்களும் நம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு. “காலையில் பூசுவது மாலைவரை நிற்க வேண்டும், புத்துணர்வு தர வேண்டும், தலைவலி தரக்கூடாது, விலையும் எட்ட வேண்டும். எதை வாங்கலாம், சாமி?” இதைப் போய்ப் பங்குக் குருவிடமா கேட்பது என்று சிலர் நகைக்கலாம். முப்பது ஆண்டுகளாகத் தூபக் கலசத்தைக் கையாண்டு வருபவரிடம் மணத்தைப் பற்றிக் கேட்பதில் தவறேதுமில்லை என்பதே நம் எண்ணம்.

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மணம் என்பது காற்றில் பறந்து வரும் பொருளின் நுண்துகள். பறப்பதால்தான் மணக்கிறது, பறந்து தீர்ந்தால் மணமும் தீர்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு, புதினா ஆகியவற்றின் மணத் துகள்கள் மிக இலேசானவை. குப்பியைத் திறந்ததும் முதலில் ஓடிவருபவை அவையே. அரைமணி நேரத்துக்குள் விடைபெற்றுச் செல்பவையும் அவையே. மல்லிகை, ரோஜா போன்ற பூமணங்கள் இடைநிலையில் நிற்பவை. சில மணி நேரம் உடனிருக்கும். சந்தனம், வெட்டிவேர், குங்கிலியம், சாம்பிராணி போன்ற கட்டை, வேர், பிசின் மணங்கள் கனமானவை; மெல்ல எழுந்து மெல்லப் பரவி மாலைவரை தங்கும். வாசனைத் திரவியம் செய்வோர் இம்மூன்றையும் தலைமணம், இடைமணம், அடிமணம் என அடுக்கியே கலவை செய்கின்றனர்.

கடையில் மக்கள் ஏமாறுவது இவ்விடத்தில்தான். விற்பவர் ஒரு துளியைத் தெளிக்கிறார், ஆகா என்று மூக்கு மகிழ்கிறது, பணம் கைமாறுகிறது. மகிழ்ந்தது தலைமணத்தை, வீட்டில் நாள் முழுவதும் நம்மோடு வாழ வேண்டியதோ அடிமணம். ஆதலின் வாங்கும் முன் கையில் ஒரு துளி இட்டுக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். மற்ற வேலைகளை முடித்து, மாலையில் அதே கையை முகர்ந்து பார்க்க வேண்டும். அப்போது எஞ்சியிருப்பது பிடிக்கிறதா என்பதே கேள்வி. ஒரே நாளில் இரண்டு மூன்றுக்கு மேல் சோதிப்பதும் வீண், மூக்கு குழம்பிவிடும்.

குப்பியின்மேல் அச்சிட்டுள்ள பிரெஞ்சுப் பெயர்களுக்கும் பொருள் உண்டு. ‘ஓ தெ கொலோன்’ என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 5 பங்கு வரை மட்டுமே வாசனை எண்ணெய். ‘ஓ தெ துவாலெத்’ என்றால் 5 முதல் 15 வரை. ‘ஓ தெ பர்ஃபாம்’ என்றால் 15 முதல் 20 வரை. மீதியில் பெரும்பகுதி சாராயச் சத்தே. உடம்பில் பீச்சியடிக்கும் ‘பாடி ஸ்ப்ரே’யில் வாசனை எண்ணெய் இன்னும் குறைவு. நம் பாட்டிமார் காய்ச்சல் கண்ட நெற்றியில் நனைத்துப் போட்ட யூடிகொலோன், ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறிய ஃபரினா என்ற இத்தாலியரின் பெயரோடு பிறந்தது. அவர்களுடைய நிறுவனம் 1709-இல் தொடங்கியது. அது பெரும்பாலும் எலுமிச்சை இனத்து மணமே. ஆதலின் அது விரைவில் மறைவது குறையன்று, இயல்பு. நண்பகலில் முகம் கழுவி மீண்டும் ஒருமுறை தடவிக்கொள்ள அது ஏற்றது. மாலைவரை நிற்கவில்லையே என்று அதனைக் குறை கூறல் ஆகாது.

இன்னொரு செய்தியும் உண்டு. நம் மூக்கில் மணங்களை இனங்காணும் வாங்கிகள் ஏறத்தாழ 400 வகை உள்ளன. இத்துறையில் ஆய்ந்த ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இத்தனை நுட்பமான மூக்கிற்கு ஒரு பழக்கம்: மாறாது தொடரும் மணத்தைச் சிறிது நேரத்தில் மறந்துவிடும். புதிய மணத்தைக் கவனிக்க அது தன்னை ஆயத்தமாக வைத்துக்கொள்கிறது. பூசியவருக்கு மணம் போய்விட்டதாகத் தோன்றும். அருகில் நிற்பவருக்கோ அது அப்படியே இருக்கும். இதை அறியாமல் மீண்டும் மீண்டும் பூசிக்கொள்பவர் பேருந்தில் ஏறினால் மூச்சுத்திணறல் நோயுள்ளவர் இருமத் தொடங்குகிறார். ஒற்றைத் தலைவலிக்காரர் சன்னலோரம் ஒதுங்குகிறார். தன் மணத்தைத் தானே அளக்க இயலாது. உடன் வாழ்பவரைத்தான் கேட்க வேண்டும். கணவன் மனைவியிடமும், மகள் தாயிடமும் இதைத் தயங்காது கேட்கலாம்.

நீடித்து நிற்பதற்கு விலையுயர்ந்த குப்பிதான் வேண்டும் என்பதில்லை. நம் மண்ணே அடிமணங்களின் கருவூலம். வெட்டிவேரை எடுத்துக்கொள்வோம். கடலூர் மாவட்டத்துக் கடலோர மணல் நிலங்களில் பயிராகும் இவ்வேரின் தமிழ்ப் பெயரைத்தான் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தம் மொழிகளில் ‘வெட்டிவேர்’ என்றே எடுத்துக்கொண்டனர். உலகின் பெயர்பெற்ற வாசனைத் திரவியங்கள் பலவற்றிற்கு இதுவே அடித்தளம். சேலைப் பெட்டியில் ஒரு கைப்பிடி வேரை இட்டு வைத்தால் துணிகளில் மாதக்கணக்கில் மணம் தங்கும். பெத்தானியாவில் மரியா ஆண்டவரின் பாதங்களில் பூசிய விலைமதிப்பற்ற தைலமும் இமயமலைச் செடியொன்றின் வேர்த்தண்டிலிருந்து எடுக்கப்பட்டதே என்பது அறிஞர் பலரின் துணிபு. நாட்டு மருந்துக் கடையில் சடாமாஞ்சில் என்று கேட்டால் கிடைப்பது அதுதான். வீடு முழுவதும் அன்று மணந்ததில் வியப்பில்லை.

உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜில் அத்தர் செய்யும் முறையும் இதையே காட்டுகிறது. செப்புப் பானையில் பூவையும் நீரையும் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, கீழே தீ மூட்டுவர். எழும் ஆவி மூங்கில் குழாய் வழியே மற்றொரு கலத்துக்குச் செல்லும். அங்கே காத்திருப்பது சந்தன எண்ணெய். ஓடிப்போகும் பூமணத்தை ஓடாத சந்தனம் பிடித்து வைத்துக்கொள்கிறது. நல்ல அத்தரில் ஒரு சிறு துளியே காதோரத்தில் நாள் முழுவதும் நிற்பதன் இரகசியம் இதுவே. ஆயினும் மெய்யான சந்தன எண்ணெய் விலை மிகுந்தது. மலிவாகக் கிடைப்பது மெய்ச் சந்தனமாக இருத்தல் அரிது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இச்செய்திகளை நாம் ஊன்றிப் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு தாயின் கேள்வியே காரணம். கடலோரப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றியபோது, மீன் விற்றுப் பிழைக்கும் அந்த அம்மா ஞாயிறுதோறும் கோயிலின் கடைசிப் பெஞ்சில், கதவோரமாகவே அமர்வார். ஒருநாள் பூசை முடிந்து எல்லாரும் போனபின் தயங்கித் தயங்கி வந்தார்.

“சாமி, மகளை நர்சு படிப்பிலே சேக்க மதுரைக்குப் போகணும். பஸ்ஸிலே அஞ்சாறு மணி நேரம். அங்கே பெரியவங்க முன்னாலே உக்காரணும். நாள் முழுக்க நிக்கிற சென்ட் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. என்னாலே பிள்ளைக்குத் தலைகுனிவு வந்திரக்கூடாது.”

அவருடைய அச்சம் வெறும் கற்பனையன்று. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர் நாற்றமடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டதையும், அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்டுக் குமுறியதையும் நாடே கண்டது. பொறுப்பானவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். ஆனால் அந்தச் சொல் எத்தனை தாய்மாரின் நெஞ்சில் தைத்துக் கிடக்கிறது என்பதை யார் அறிவார்?

அந்த அம்மாவிடம் நாம் கூறியது இதுதான். நாற்றத்தின்மேல் வாசனையைக் கொட்டினால் நாற்றம் மறையாது. இரண்டும் கலந்து மூன்றாவதொன்று பிறக்கும். முதலில் வேண்டியது நீக்குதல், பின்னரே பூசுதல். மீன் வாடைக்குக் காரணம் ட்ரைமெத்திலமீன் என்னும் காரப் பொருள். புளிப்பு அதன் பகை. புளிப்போடு சேர்ந்தால் அது உப்பாக மாறிக் காற்றில் பறக்கும் ஆற்றலை இழந்துவிடும். மீன் கழுவிய கையில் நம் பெண்கள் புளியைத் தேய்ப்பது வெறும் வழக்கமன்று, அறிவியல். ஆகவே புளிக்கரைசலால் கை, முழங்கை, நகக்கண் எல்லாம் தேய்த்து, பின்பு சோப்பால் கழுவ வேண்டும். எலுமிச்சையும் உதவும், ஆனால் அதன் சாற்றைத் தோலில் விட்டுவிட்டு வெயிலில் சென்றால் தோல் கருத்துப் புண்ணாகும். துணியைக் கடைசியாக அலசும் நீரில் சிறிது காடி சேர்க்கலாம். கூந்தல் வாடையை எளிதில் பற்றும். விற்கும் வேளையில் தலையைத் துணியால் மூடிக்கொள்வது நலம். பயணத்துக்குப் பருத்திச் சேலையே நல்லது. செயற்கை நூல் துணி வியர்வை வாடையை விடாது பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் முடிந்தபின், முதல் நாள் இரவே வெட்டிவேர் ஊறவைத்த நீரைக் குளியலின் கடைசிச் செம்பாக ஊற்றிக்கொள்ளலாம். தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி, அதன்மேல் கழுத்தோரத்தில் சிறிது ஜவ்வாது இடலாம். வறண்ட தோலில் மணம் தங்காது. எண்ணெய்ப் பசையுள்ள தோலில் தங்கும். மணிக்கட்டில் பூசினால் இரண்டையும் சேர்த்துத் தேய்க்கக்கூடாது. தலையில் ஒரு முழம் மல்லிகை போதும். மாலையில் விரியும் மொட்டாக வாங்கினால் பயணம் முடியும் வேளையிலும் புதிதாக மணக்கும்.

“சென்ட் வாங்க வேண்டாமா, சாமி?” என்றார்.

“வேண்டாம் அம்மா. அந்தக் காசுக்கு மகளுக்கு ஒரு நல்ல பேனா வாங்கிக் கொடுங்கள்” என்றோம்.

திரும்பி வந்தவர் கல்லூரியைப் பற்றிச் சுருக்கமாகவே பேசினார். “இடம் கெடச்சிருச்சு சாமி. வரும்போது பஸ்ஸிலே மகள் என் தோள்லயே சாஞ்சு தூங்கிட்டு வந்தா” என்று மட்டும் இருமுறை சொன்னார்.

அதற்குப் பின்னும் அவர் கடைசிப் பெஞ்சில்தான் அமர்ந்தார். அதை மாற்ற எந்த வேராலும் இயலாது. கடலுக்குப் போனவர் கொணர்ந்ததைத் தலையில் சுமந்து, நம் வீட்டு வாசலில் இறக்கி, நம் பிள்ளைகளின் தட்டில் உணவாக்குபவரின் உழைப்பு வாடையைக் கண்டு முகம் சுளிப்பவர், அவரிடம் வாங்கிய மீனை மட்டும் சுவைத்து உண்பது என்ன நியாயம்? தூய்மை ஒவ்வொருவரின் கடமை. ஆனால் உழைப்பின் மணத்துக்காக எவரும் வெட்கப்படவேண்டியதில்லை. முன் பெஞ்சில் இருப்போர் எழுந்து சென்று, “இங்கே வந்து உட்காருங்கள், அக்கா” என்று கைப்பிடித்து அழைத்து வந்தாலொழிய அந்தப் பெஞ்சு மாறாது. மாற வேண்டியது அவர் மணமன்று, நம் மனம்.

ஆகவே, மணம் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களுக்கு நாம் கூறுவது சிலவே. காலையில் மயக்குவதை நம்பாதீர். மாலையில் எஞ்சுவதைப் பார்த்து வாங்குங்கள். குப்பியை வெயிலும் வெப்பமும் படாத இருண்ட அலமாரியில் வையுங்கள். கெடாது நெடுநாள் இருக்கும். பட்டுச் சேலையின்மேல் தெளிக்காதீர், கறை போகாது. கைக்குழந்தையை ஏந்தும் நாளிலும், நோயாளியைக் காணச் செல்லும் நாளிலும், நெரிசலான பேருந்தில் ஏறும் நாளிலும் பூசாமலிருப்பதே மேல். அன்றாடம் பூசுவது கை நீட்டும் தொலைவுக்கு அப்பால் எட்டாதிருக்கட்டும். நம்மை அணைத்துக்கொள்ளும் பிள்ளைகளும் தோள்சாயும் உறவினரும் உணர்ந்தால் போதுமானது. தெருக்கோடியில் நிற்பவர் உணர வேண்டியதில்லை.