காந்தளைக் கீழிருந்து பார்க்க வேண்டும்

காந்தள் என்கிற கண்வலிக்கிழங்குக் கொடி வேலியில் ஏறிப் பூத்துவிட்டால் கேமரா வைத்திருக்கும் எவரும் எடுக்கும் படம் பெரும்பாலும் ஒன்றுதான். மேல்நோக்கிச் சுருண்ட ஆறு இதழ்கள், மஞ்சளும் சிவப்பும், பின்னால் மங்கிய பச்சை. பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் படத்தை ஒரு தாவரவியல் ஆசிரியரிடம் கொடுத்தால் அவர் தேடுவது அதில் இருக்காது. காந்தளின் சூல்தண்டு, பச்சைச் சூல்பையை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே ஏறக்குறைய செங்கோணமாக மடிந்து பக்கவாட்டில் நீளும். பூ தலைகவிழ்ந்து தொங்குவதால் மேலிருந்து எடுத்தால் அது தெரியவே தெரியாது. முக்காலியின் கால்களை விரித்து, தரையோடு தரையாகக் கேமராவை இறக்கி, பூவின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்திருப்பதும் அதே கோணத்தில் கிடைத்துவிட்டால், அந்தப் படத்தைத் தாவர ஓவியம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

வீட்டுக் கொல்லையில் தானாக முளைக்கும் செடிகளைத்தான் எடுக்கிறேன். அவற்றிலும் எல்லாம் இந்த மண்ணுக்குரியவை அல்ல. பார்க்க வருகிறவர்கள் ஆசையாகக் காட்டும் நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. வெட்டுக்காயப் பூண்டும் உண்ணிச்செடியும் அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை. அவற்றின் மேல் வெறுப்பில்லை. ஆனால் என் தொகுப்பு தும்பை, விஷ்ணுகிராந்தி, ஆவாரை, எருக்கு, காந்தள் என்று நிற்கிறது. களை என்று கொத்தி எறியப்படுகிற செடிக்கு ஒரு முழுத் தாளை ஒதுக்குவதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

இந்தப் பிடிவாதத்துக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். ராபர்ட் வைட் சென்னையிலிருந்து 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தாவரப் படநூலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு தென்னிந்திய ஓவியர்கள். கோவிந்துவின் நினைவாக ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் பெயர் வைத்தார். அவர்களுடைய தாள்களை நான் பாடப்புத்தகமாகவே வைத்திருக்கிறேன். கிளை எந்தப் பக்கம் சாய்கிறது, இலைக்காம்பு தண்டோடு எப்படிச் சேர்கிறது, பூவைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றும் வெள்ளைத் தாளில் சந்தேகமில்லாமல் நிற்கும். பின்னணியை மங்கலாக்கி அழகு தேடுகிற பழக்கம் அவர்களிடம் இல்லை. அழகெல்லாம் செடியின் அமைப்பிலேயே இருந்தது.

வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூவைக் காட்டுவதுதான் இந்தத் தொழிலின் கடினமான இடம். தும்பையை எடுத்துக்கொள்ளுங்கள். சதுரத் தண்டு, கணுவுக்குக் கணு வட்டமாகக் கூடிய புல்லிகள், அவற்றிலிருந்து எட்டிப் பார்க்கும் ஈருதட்டுப் பூக்கள். கீழுதடு அகலமாக விரிந்து தேனீக்கு உட்கார இடம் கொடுக்கிறது. மேலுதடு குல்லாய்போல் கவிந்து மகரந்தப் பைகளை மூடிக்கொள்கிறது. அந்தக் குல்லாயின் மேல் வெண்மையான நுண்ரோமம் அடர்ந்திருக்கும். நேர் வெயிலில் எடுத்தால் ரோமமும் இதழும் ஒரே வெள்ளைத் திட்டாகக் கரைந்துவிடும். ஆகவே செடியைப் பறிக்காமல், பின்னால் ஒரு தாளைச் செருகி, அந்தத் தாள் சுத்த வெள்ளைக்குச் சற்றுக் கீழே இளஞ்சாம்பலாக விழும்படி நிழல் கட்டுகிறேன். மேலே பழைய மல் வேட்டி ஒன்றை விரித்தால் வெயில் மெத்தென்று இறங்கும். ஓரத்திலிருந்து ஒரு சின்னத் தெர்மாகோல் துண்டில் ஒளியைத் திருப்பிவிட்டால் ரோமம் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும். எக்ஸ்போஷரைக் குறைத்தே வைப்பேன். கரைந்த வெள்ளையை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

பூவின் நிஜ அளவே சென்சாரில் விழும்படி நெருங்கினால், முழுபிரேம் கேமராவில் எஃப் 11 வைத்தாலும் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். துவாரத்தை இன்னும் சிறிதாக்கினால் ஒளியின் விளிம்பு விளைவு படம் முழுவதையும் மழுக்கிவிடும். அதனால் ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்குகிறோம். இதற்குக் காற்று அசையக் கூடாது. ஐப்பசி மழை விட்ட விடியற்காலை அதற்கென்றே அமைந்தது. விஷ்ணுகிராந்திக்கு அந்த நேரம் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும்: ஒரு சென்டிமீட்டர் கூட இல்லாத அந்த நீலப் பூ காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். காலை நிழலே நீலம் கலந்தது என்பதால், சாம்பல் அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து முதல் படம் எடுக்காமல் நான் அந்த நீலத்தை நம்புவதில்லை.

ஓவியருக்கு ஒரு சலுகை உண்டு. மொட்டு, பூ, காய், கிழங்கு என்று வெவ்வேறு காலத்தவற்றை ஒரே தாளில் வைப்பார். நானும் வைக்கிறேன். காந்தள் பூவை மழைக்காலத்திலும், வெடித்த காயை அதற்குப் பின்னும், கொடி காய்ந்ததும் கலப்பை வடிவக் கிழங்கையும் எடுத்து ஒரே தாளில் சேர்க்கிறேன். கிழங்கு கொடிய நஞ்சு. தொட்டால் கையைக் கழுவாமல் வேறெதையும் தொடுவதில்லை. இப்படிச் சேர்த்த படங்களின் கீழே எது எந்த மாதம் எடுத்தது என்று எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் அது பொய்.

இன்னொரு சலுகையை நான் எடுத்துக்கொள்வதில்லை. ஓவியர் ஓட்டை விழுந்த இலையை முழு இலையாக வரைந்துவிடலாம், வகையின் பொது வடிவம்தான் அவருக்கு முக்கியம். என் கேமராவின் முன் நிற்பது இந்த ஒரு கொடி. கருப்பு உடலில் வெள்ளையும் சிவப்பும் புள்ளியிட்ட அந்துப்பூச்சிப் புழு ஒன்று காந்தள் இலையைக் கடித்துத் தின்னும். அந்தக் கடித்தடம் காந்தளின் வாழ்க்கையில் ஒரு பகுதி. அதை அழிப்பதில்லை. புழு இருந்தால் புழுவையும் விட்டுவிட்டு, தாளின் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுகோலை வைக்கிறேன். பூ எவ்வளவு பெரிது, புழு எவ்வளவு நீளம் என்பதைப் பார்ப்பவரே அளந்துகொள்ளலாம்.