பழைய கணிப்பொறிக்கு வைத்தியம்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

"ஹேங் ஆகிவிட்டது" என்ற சொல்லைக் கேட்காத மாணவர் நம் கல்லூரியில் எவரும் இருக்க முடியாது. கணிப்பொறி உறைந்து நின்றாலும் அதே சொல். தானே அணைந்து தானே எழுந்தாலும் அதே சொல். எறும்புபோல் ஊர்ந்தாலும் அதே சொல்தான். நம் பாட்டிமார் எந்த நோயானாலும் "மேலுக்குச் சுகமில்லை" என்று முடித்துக்கொள்வார்கள் அல்லவா? கேட்பவருக்கு அது போதும். வைத்தியம் பார்க்க வேண்டியவனுக்குப் போதாது. எங்கள் வீட்டிலிருக்கும் ஒரு கிழட்டுக் கணிப்பொறியோடு ஏறக்குறைய ஐந்து மாதம் போராடியதில் நான் கண்டது இது.

அது 2009ஆம் ஆண்டு வாங்கப்பட்டது. கோர் 2 டூயோ பிராசஸர், 2 ஜி.பி. நினைவகம். தட்டச்சும் ஜெராக்சுமாகக் கடை நடத்திவந்த என் பெரியம்மா மகன் 2023இல் கடையை மூடியபோது, "படிக்கிற பிள்ளைக்கு உதவட்டும்" என்று ஒரு பழைய பிரிண்டரோடு அதை எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். அம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அங்கேயே வைத்தோம். (இந்த இடத்தை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.)

மனு, விண்ணப்பம், கோயில் கொடை நோட்டீஸ் என்று தெருக்காரர்கள் தட்டச்சுக்கு வரத் தொடங்கினார்கள். பக்கத்துக்கு 20 ரூபாய். பெரிய வருமானம் இல்லை. ஆனால் தங்கையின் டியூஷன் பணமும் என் ரெக்கார்டு நோட்டுச் செலவும் அதிலேயே நடந்தன. ஆகவே அந்தப் பெட்டி படுத்துவிட்டால் வீட்டில் இரண்டு செலவுகள் நின்றுபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதில் முன்பிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜி.பி. நினைவகம் கேட்கும், இந்தக் காலத்துப் பாதுகாப்புச் சில்லும் கேட்கும். எங்கள் கிழவருக்கு இரண்டும் இல்லை. எனவே லினக்ஸுக்குப் போனோம். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் எழுதத் தொடங்கியது லினக்ஸ். அதை வைத்து உருவான டெபியன் என்னும் தொகுப்பை 1993இல் தொடங்கிய இயன் மர்டாக் என்பவரும் அப்போது மாணவர்தாம். மாணவர்கள் தொடங்கிய பொருள் மாணவன் வீட்டுக்கு வருவதில் வியப்பென்ன? டெபியன் 12ஐ ஒரு பென் டிரைவில் ஏற்றி நிறுவினேன். 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையும் அதில் இருந்தது. முதல் ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை.

பிறகு தொடங்கிற்று தொல்லை. திருமண அழைப்பிதழ் ஒன்றை முக்கால் பாகம் அடித்து முடித்த நேரத்தில் திரை கறுத்தது. மறுவாரம் மனு ஒன்று உறைந்தது. காலையில் பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், திரை வராது; நாலைந்து முறை அழுத்திய பின்தான் உயிர் வரும். "இலவசமாகக் கிடைத்த சாப்ட்வேர் அப்படித்தான் இருக்கும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். டவுனில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக் கழற்றி மாட்டியதற்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, "புதுசு வாங்கிடுங்க" என்று ஆலோசனையும் சொன்னார்கள். ஆலோசனைக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. பழைய இரும்புக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்று அம்மா விசாரிக்கத் தொடங்கினார்.

அப்போது எங்கள் ஆய்வகத்தில் சுரமானிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. கம்பியின் இழுவிசையை மாற்றாமல் நீளத்தை மட்டும் மாற்றுகிறோம். பின்பு நீளத்தை மாற்றாமல் இழுவிசையை மட்டும் மாற்றுகிறோம். இரண்டையும் ஒருங்கே மாற்றினால் எதனால் எது விளைந்தது என்று சொல்ல இயலாது. பழுது பார்க்கும் கடைகளில் செய்வதோ நேர்மாறு. நினைவகத்தைக் கழற்றித் துடைத்து, மென்பொருளையும் அழித்து மறுபடி ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிடுகிறார்கள். சரியானால் எதனால் சரியாயிற்று என்று அவர்களுக்கும் தெரியாது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு முறை நின்றபோதும் தேதி, மணி, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, வன்தட்டு விளக்கு எரிந்ததா, அம்மா தைத்துக்கொண்டிருந்தாரா என்பது வரை எழுதினேன். மூன்று வாரத்தில் 19 குறிப்புகள். அவற்றைப் படித்துப் பார்த்தபோதுதான் அவை ஒரே நோயின் குறிப்புகள் அல்ல என்று தெரிந்தது.

மிக எளியது முதலில். சில காலைகளில் திரையில் எஃப்1 விசையை அழுத்தச் சொல்லி ஓர் அறிவிப்பு நிற்கும். கடிகாரம் 2009 ஜனவரி 1 என்று காட்டும். வன்தட்டைச் சோதிக்கும் நிரலோ, "இது கடைசியாகப் பயன்பட்ட நாள் எதிர்காலத்தில் இருக்கிறதே" என்று ஆங்கிலத்தில் முறையிடும். பாவம், அதன் கணக்கில் பிழை இல்லை. மதர்போர்டில் பத்து ரூபாய் நாணயம் போல ஒரு மின்கலம் உண்டு. இரவில் அம்மா சுவிட்சை அணைத்த பின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். 3 வோல்ட் இருக்க வேண்டியது, ஆய்வக மல்டிமீட்டரில் 2.1 காட்டியது. கைக்கடிகாரக் கடையில் 40 ரூபாய்க்குப் புதிது கிடைத்தது.

அடுத்தது உறைதல். இதில் வன்தட்டு விளக்கு அணையாமல் எரியும். இணைய உலாவியில் ஏழெட்டுப் பக்கங்கள் திறந்திருக்கும். இது மரணம் அன்று, மயக்கம். நினைவகம் நிரம்பியதும் லினக்ஸ் வன்தட்டின் ஒரு மூலையை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். நினைவகத்தோடு ஒப்பிட்டால் வன்தட்டு மாட்டு வண்டி. எல்லாம் அந்த வண்டிக்காகக் காத்து நிற்பதைத்தான் நாம் உறைந்துவிட்டது என்கிறோம். இப்படி நிற்கும்போது மின்சாரத்தைப் பிடுங்கக் கூடாது. ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்ற மூன்று எழுத்துகளைச் சற்று இடைவெளி விட்டு வரிசையாகத் தட்டினால், எழுத வேண்டியதை வன்தட்டில் எழுதி, அதற்குமேல் எதுவும் எழுதாதபடி பூட்டி, பின்பு மறுபடி தொடங்கும். அதற்கு இணங்கினால் உள்ளே உயிர் இருக்கிறது என்று பொருள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போன நண்பர் ஒருவர் பழைய 2 ஜி.பி. நினைவகப் பட்டை ஒன்றை வாங்கி வந்தார். மயக்கம் தெளிந்தது.

மூன்றாவது, பிற்பகல் நோய். நோட்டில் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் நேர்வது. வெப்பத்தைக் காட்டும் ஒரு சிறு நிரலை நிறுவினேன். பிராசஸர் 94 டிகிரி! நூறை நெருங்கும்போது பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் தன்னை அணைத்துக்கொள்ளும். பெட்டியைத் திறந்தேன். விசிறிக்குக் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் பஞ்சும் நூலும்! அம்மா தைத்த பாவாடை, ரவிக்கை, பள்ளிச் சீருடை அத்தனையின் நிறமும் அங்கே மெத்தைபோல் படிந்திருந்தது. அதை உரித்தெடுத்துக் காட்டியபோது அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. காய்ந்து மாவாகிப் போயிருந்த தெர்மல் பேஸ்டையும் மாற்றினேன். வெப்பம் 58க்கு இறங்கியது. பெட்டியைச் சுவரின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோனோம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு நோய் மிஞ்சியது. அதுதான் பெரிய நோய். திடீரென்று அணைந்து தானே எழுவது. லினக்ஸ் தன்னுள் நடப்பதையெல்லாம் மணி, நொடி வாரியாக ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கிறது. ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையால், முந்தைய முறை ஓடியபோது எழுதியதையும் படிக்கலாம். மயக்கம் வந்த நாள்களில் நினைவகம் போதவில்லை என்ற வரிகள் இருந்தன. சூடான நாள்களில் வேகத்தைக் குறைத்தேன் என்ற வரிகள் இருந்தன. இந்த நோய் வந்த நாள்களில் மட்டும் எதுவுமே இல்லை. ஏதோ சாதாரண வரி, அடுத்த வரி மறுபடி தொடங்கிய நேரம். மென்பொருள் தவறி விழுந்தால் பெரும்பாலும் விழுந்த இடத்தில் ஒரு முனகலாவது கேட்கும். எழுதிக்கொண்டிருந்த கை ஒரு சொல்லும் இல்லாமல் நின்றால், பேனாவைப் பார்ப்பதைவிட மின்சாரத்தைப் பார்ப்பது நல்லது.

வன்தட்டைச் சோதித்தேன். 31,000 மணி நேரம், அதாவது மூன்றரை ஆண்டுகள் கண்மூடாமல் சுழன்ற கணக்கு. ஆனாலும் கெட்டுப்போன பகுதி ஒன்றுகூட இல்லை. மின்வழங்கிப் பெட்டியிலிருந்து வரும் கம்பிகளை அளந்தேன். மஞ்சளில் 11.9 வோல்ட், சிவப்பில் 5.05, 12க்கும் 5க்கும் ஐந்து சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்பட்டதே. அதுவும் குற்றமற்றது. (வெளியே வரும் கம்பிகளை அளக்கலாம், அந்தப் பெட்டியை மட்டும் நண்பர்கள் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். 230 வோல்ட்டை நேராக்கினால் 325 வோல்ட் அளவுக்கு உள்ளே தேங்கும். சுவிட்சை அணைத்த பின்னும் சிறிது நேரம் நிற்கும்.)

எஞ்சியது நினைவகம். அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற நிரல் லினக்ஸின் உள்ளே ஓடுவதன்று; லினக்ஸ் எழுவதற்கு முன்பே தனியாக ஓடுவது. ஓர் இரவு பத்து மணிக்கு அதை ஓடவிட்டுப் படுத்தேன். நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து பார்த்தபோது பிழை பூஜ்யம். காலையில் எழுந்து பார்த்தால் மெம்டெஸ்ட் இல்லை; டெபியனின் நுழைவுத் திரை நின்றுகொண்டிருக்கிறது. இரவில் எப்போதோ தானே அணைந்து எழுந்திருக்கிறது! மின்சாரம் போய் வந்திருந்தால் எங்கள் பெட்டி அணைந்தே கிடக்கும், பொத்தானை அழுத்தினால்தான் எழும். ஆக, லினக்ஸ் அந்த இடத்திலேயே இல்லாதபோது அதே குற்றம் நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து விளக்கினேன். "அப்படின்னா சரி" என்றார். அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மதர்போர்டைக் கழற்றி எங்கள் தெருக்கோடி டி.வி. மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். கணிப்பொறி தமக்குத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த மறுகணம், "என்ன தம்பி, மூணு கண்டன்சர் மண்ட வீங்கிக் கெடக்கு, ஒங்க கண்ணுல படலியா?" என்றார். பிராசஸரை ஒட்டி, விசிறியின் நிழலில் மறைந்திருந்த மின்தேக்கிகள். தலையில் சிலுவை போல் வெட்டுக்கோடு போட்டிருப்பார்கள்; தட்டையாக இருக்க வேண்டிய அது கூரைபோல் மேலே எழும்பியிருந்தது. 12 வோல்ட்டைப் பிராசஸருக்கு வேண்டிய ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கும் இடத்தில், அலைகளைச் சமன்செய்து கொடுப்பவை அவைதாம். உள்ளே இருக்கும் திரவம் வற்றினால் அந்த வேலை நடக்காது. குளிர்ந்திருக்கும்போது அவற்றின் அகத்தடை இன்னும் கூடும் என்பதால், காலையில் நாலைந்து முறை பொத்தானை அழுத்த வேண்டியிருந்த மர்மமும் விளங்கிற்று. அதே மதிப்புள்ள, 105 டிகிரி தாங்கும் மின்தேக்கிகளை வாங்கிவரச் சொல்லி, பழையதை எடுத்துப் புதியதைப் பற்றவைத்தார். பொருளுக்கு 45 ரூபாய். கூலி வாங்க மறுத்துவிட்டார். அவருடைய ஜி.எஸ்.டி. கடிதம் ஒன்றை அடித்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு நான்கு மாதத்தில் ஒரு முறைகூட அது தானே அணையவில்லை. பெட்டி இரும்புக்கடைக்குப் போகவில்லை. தங்கை பிளஸ் டூ தேர்வு எழுதுகிறாள். மாலையில் நான் வரத் தாமதமானால் தட்டச்சு வேலையை அவளே முடித்துவிடுகிறாள்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. உறக்க நிலைக்குப் போனால் சில சமயம் திரை திரும்பி வருவதில்லை. எஸ், யு, பி தட்டினால் மட்டும் இணங்குகிறது. திரைக்கான மென்பொருளில் ஏதோ இருக்கலாம் என்று ஐயம். தேர்வு முடிந்த பின் பார்க்க வேண்டும். அதுவரை உறங்க விடுவதில்லை. நோட்டைப் பார்க்க விரும்பும் நண்பர்கள் புதன்கிழமை மாலைகளில் இயற்பியல் ஆய்வகத்துக்கு வரலாம். உங்கள் வீட்டுக் கணிப்பொறியும் தொல்லை தருகிறதென்றால், வரும்போது தேதியும் மணியும் குறித்துக்கொண்டு வாருங்கள். "ஹேங் ஆகிறது" என்று மட்டும் வந்து சொல்லாதீர்கள்.