நிலமும் புரயிடமும்

தமிழில் நிலம் என்றால் எல்லா நிலமும் நிலம்தான். நன்செய், புன்செய், தரிசு, மனை ஆகியவை அதன் பிரிவுகள். கேரளத்தின் வருவாய்ப் பதிவேட்டில் அச்சொல்லுக்கு அவ்வளவு விரிவு கிடையாது. அங்கே 'நிலம்' என்பது நெல் விளையும் தாழ்நிலத்தை மட்டுமே குறிக்கும். வீடும் தென்னையும் மாவும் நிற்கும் மேட்டுப்பகுதிக்குப் பெயர் 'புரயிடம்'. குமரி மாவட்டத்தாருக்குப் பழகிய சொல். அடிப்படை வரிப் பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே இத்தகைய வகைப்பெயர் ஒன்று எழுதப்பட்டிருக்கும். அம்மண்ணில் வீட்டுக்கு அடிக்கல் வைக்கலாமா கூடாதா என்பதை அந்த ஒற்றைச் சொல் தீர்மானிக்கிறது.

பாலக்காட்டின் கிழக்கெல்லையில், தமிழே வீட்டுமொழியாக உள்ள சிற்றூர் ஒன்றில் வாழும் அறுபத்தொரு வயது விவசாயிக்கு இவ்வேறுபாடு 2019இல்தான் தெரியவந்தது. அவருக்கு உள்ளது ஓர் ஏக்கர் பத்து சென்ட். அதில் 88 சென்ட் வயல். விரிப்பு, முண்டகன் என இரு போகம் நெல் வைப்பார். மீதி 22 சென்ட், அவருடைய தந்தை 1996இல் கிணறு வெட்டியபோது எடுத்த மண்ணைப் பரப்பி மேடாக்கித் தென்னை வைத்த இடம். கணவனை இழந்து குழந்தையுடன் திரும்பி வந்த மகளுக்கு அத்தென்னைகளுக்கு நடுவே இரண்டு அறைகள் கொண்ட வீடு கட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். இருக்கும் பூர்வீக வீடு மூன்று தம்பிகளுக்கும் பொது.

கட்டட அனுமதி கேட்டுச் சென்ற இடத்தில் விண்ணப்பம் அப்படியே திரும்பி வந்தது. "இது நிலம். வீடு வைக்க முடியாது" என்றார் எழுத்தர். நிலத்தில் வைக்காமல் வேறு எதில் வீடு வைப்பது என்று அவர் கேட்டது வேடிக்கைக்காக அன்று. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. இருவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். இரு மொழிகளில் சொன்னார்கள்.

அத்தகைய சொற்கள் இன்னும் பல அவருக்காகக் காத்திருந்தன. 'தரம் மாற்றல்' என்றார்கள். தமிழில் தரம் என்றால் உயர்வு தாழ்வு. மலையாளத்தில் அது வகை. தென்னை நிற்கும் தம் மண் தரம் குறைந்தது என்று சொல்கிறார்களோ என்று அவர் மனம் வருந்தினார். 'பாடம்' என்றார்கள், அங்கே அது வயல். தமிழ்நாட்டுப் புஞ்சை மழையை நம்பியிருக்கும் மேட்டு நிலம். மலையாளப் புஞ்சயோ கோடைப் போகத்து நெல். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையை அளித்திருக்கிறது. ஆயினும் அவர் கையில் தரப்பட்ட படிவம் மலையாளத்தில் இருந்தது. தமிழ்வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த அவருக்கு, அதை மகள்தான் படித்துப் பொருள் சொன்னாள்.

கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008 ஆகஸ்ட் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. 1970களின் நடுப்பகுதியில் எட்டே முக்கால் லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்த கேரளத்தின் நெற்பரப்பு, சட்டம் வந்தபோது இரண்டரை லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. 1967இன் நிலப் பயன்பாட்டு ஆணை ஏற்கெனவே இருந்தது. உணவுப்பயிர் விளையும் மண்ணை வேறு பயனுக்கு மாற்ற ஆட்சியரின் அனுமதி தேவை என்று அது கூறியது. ஊர்ப்புறத்தில் அதைப் பொருட்படுத்தியோர் சிலரே. இவருடைய தந்தையும் 1996இல் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

2008ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு கண்காணிப்புக் குழுவை அமைத்தது. ஊராட்சித் தலைவர் அதன் தலைவர். வேளாண் அலுவலர் அதன் ஒருங்கிணைப்பாளர். கிராம அலுவலரும் விவசாயிகளின் பிரதிநிதிகளும் உறுப்பினர். நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் பட்டியலிட்டுத் 'தரவு வங்கி' ஒன்றைத் தயாரிப்பது இக்குழுவின் பணி. பல ஊர்களில் அப்பட்டியல் களத்தில் நடந்து பார்த்து எழுதப்பட்டதாக இல்லை. பழைய பதிவேட்டில் நிலம் என்றிருந்ததெல்லாம் அப்படியே பட்டியலில் ஏறியது. இவருடைய புல எண்ணும் உட்பிரிவின்றி ஏறியிருந்தது. 88 சென்ட் வயலும் 22 சென்ட் தென்னையும் அரசின் கணக்கில் ஒன்றே.

2018இல் வந்த திருத்தம் ஒரு வழி திறந்தது. பதிவேட்டில் நிலம் என்றிருந்து, தரவு வங்கியில் இடம்பெறாத மண் 'அறிவிக்கப்படாத நிலம்' எனத் தனி வகையானது. கோட்டாட்சியரிடம் விண்ணப்பித்து அதை வேறு பயனுக்கு மாற்றலாம் என்று அத்திருத்தம் கூறியது. 50 சென்ட் வரை ஆறாம் படிவம். அதற்கு மேல் ஏழாம் படிவம். தரவு வங்கியில் தவறாக ஏறியிருந்தால் முதலில் ஐந்தாம் படிவம் கொடுத்து அதிலிருந்து நீக்கம் பெற வேண்டும். 2008 ஆகஸ்ட் 12 அன்று அம்மண் எந்நிலையில் இருந்தது, நெல் சாகுபடிக்கு ஏற்றதாக இருந்ததா என்பதே அளவுகோல் என்று கேரள உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் வலியுறுத்தியிருக்கிறது. வேளாண் அலுவலரின் கள அறிக்கையும், தேவைப்பட்டால் அக்காலத்துச் செயற்கைக்கோள் படமும் சான்றாகும்.

வேறொரு வழியும் உண்டு. நெல்வயலே ஆனாலும், வேறு தகுந்த இடமில்லாத உரிமையாளர் ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை வீட்டுக்காகக் கேட்கலாம். ஆனால் பூர்வீக வீட்டில் அவருக்கு நான்கில் ஒரு பங்கு இருந்தது. பகிர முடியாத பங்கு என்பது வாழ்க்கை. பங்கு உண்டு என்பது ஆவணம். அவர் அவ்வழியை விட்டுவிட்டார்.

முதல் ஐந்தாம் படிவம் 2020இல் ஒரே வரியில் நிராகரிக்கப்பட்டது: தரவு வங்கியில் இருப்பதால் பரிசீலிக்க இயலாது. தரவு வங்கியில் இருப்பதனால்தானே அப்படிவம் என்று மகள் கேட்டாள். விடை சொல்ல அங்கே யாரும் இல்லை. மீண்டும் விண்ணப்பித்தார்கள். செயற்கைக்கோள் படத்துக்குக் கட்டணம் செலுத்தினார்கள். பல மாதங்களுக்குப் பின் வந்த அறிக்கை, புலத்தின் வடபகுதியில் மரப்பயிரும் ஏனைய பகுதியில் நெல்வயலும் 2008க்கு முன்பே காணப்பட்டன என்று கூறியது. வடபகுதி எத்தனை சென்ட் என்று அதில் இல்லை.

இந்த இடத்தில்தான் தரகர் வந்தார். இத்தகைய விண்ணப்பங்களை எழுதித் தந்து பிழைப்பவர். அலுவலகத் திண்ணையில் அறிமுகமானவர். "அண்ணா, அறிக்கையில அளவே இல்லைங்க. பார்வையிட வர்றப்போ எல்லையக் காட்டப் போறது நீங்க. இன்னும் நாப்பது அடி தள்ளி நில்லுங்க. அம்பது சென்ட்டு புரயிடமா வந்துரும். வீடும் ஆச்சு, மிச்சத்தை வித்தா மக பேர்ல பணமும் ஆச்சு" என்றார்.

அதில் பொய் இருந்தது. கணக்கில் பிழை இருக்கவில்லை. வயலாக விற்றால் கிடைக்கும் விலைக்கும் புரயிடமாக விற்றால் கிடைக்கும் விலைக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஓர் எழுத்தர் கையால் ஒரு சொல் மாறினால் மண்ணின் விலை பல மடங்காகிறது. வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு அரசு தரும் ஊக்கத்தொகை, 2020இல் அது தொடங்கியபோது, ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய். 88 சென்ட்டுக்கு அது எழுநூற்றுச் சொச்சம். ஊரெல்லாம் அரிசி உண்கிறது. ஊர்க் கிணறுகளெல்லாம் வயலில் தேங்கும் நீரால் ஊறுகின்றன. அந்நிலத்தை விற்க முடியாமல் வைத்திருப்பதன் இழப்பு மட்டும் உரிமையாளர் ஒருவருடையது. தரகரின் பேச்சுக்கு அந்த அநீதிதான் பலம்.

அவர் அன்றிரவு உறங்கவில்லை என்று மகள் சொல்வாள். விலையை மட்டும் நினைத்துக்கொண்டு அவர் விழித்திருக்கவில்லை. 2011இல் அவருடைய வயலுக்கு மேற்புறத்தில் ஒருவர் கிடங்கு கட்டுவதற்காக லாரி லாரியாகச் செம்மண் கொட்டினார். வாய்க்கால் அடைபட்டது. அந்த ஆண்டு விரிப்புப் பயிர் நீர் வடியாமல் அழுகியது. ஏழு விவசாயிகள் கண்காணிப்புக் குழுவுக்கு மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து இவருடையது. பணியை நிறுத்த உத்தரவு வந்தது. வாய்க்காலில் விழுந்த மண் அள்ளப்பட்டது. அன்று அந்த ஏழு பேருக்கும் இருந்த ஒரே துணை இதே சட்டம்தான். இன்று தென்னந்தோப்பில் வீடு கட்ட விடாமல் மூன்றாண்டுகள் அலைக்கழிப்பதும் இதே சட்டம்தான்.

"நெல்லு வைக்காம ரெண்டு வருசம் சும்மா போட்டா அது வயலில்லைன்னு ஆயிடாதா?" என்று தம்பி ஒருவர் கேட்டார். ஆகாது. தரிசாகக் கிடந்தாலும், நெல்லுக்கு ஏற்ற மண் நெல்வயலே என்று சட்டத்தின் வரையறை சொல்கிறது. அவ்வரையறையை எழுதியவர்களுக்கு மனித சுபாவம் தெரிந்திருந்தது. அளவின்றி எழுதப்பட்ட ஓர் அறிக்கையையும் வெயிலில் எல்லை அழிந்த ஒரு வயலையும் மட்டும் அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை.

வேளாண் அலுவலர் 2022 ஏப்ரலில் வந்தார். முண்டகன் அறுவடை முடிந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. தாள் கருகி, மண் வெடித்து, தோப்பும் வயலும் ஒரே பழுப்பாகக் கிடந்தன. தோப்பு ஓரத்து வரப்பு எங்கே என்று பழகாத கண்ணுக்குத் தெரியாது. அலுவலர் இளம்பெண், கையில் படத்தின் அச்சுப்படி இருந்தது. "எதுவரைக்கும்?" என்று கேட்டார்.

தரகர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவர் தோப்பினூடே நடந்தார். கடைசித் தென்னை வரிசையைத் தாண்டி மூன்று எட்டு வைத்தார். அங்கே, வெடித்த மண்ணின் நடுவே, கால் விரலால் மண்ணைத் தள்ளினார். பழைய வரப்பின் கரைக்கல் ஒன்று தெரிந்தது. "இது வரைக்கும் மேடம். இதுக்கு அந்தப் பக்கம் நிலம்" என்றார்.

அச்சொல்லை அவர் அன்று பதிவேட்டின் பொருளில்தான் சொன்னார்.

நீக்க ஆணை ஐந்து மாதங்களில் வந்தது. தரவு வங்கியிலிருந்து நீங்கிய பின் 10 சென்ட்டுக்குள் 120 சதுர மீட்டர் வரையிலான வீட்டுக்குத் தரம் மாற்றல் ஆணையே தேவையில்லை என்று திருத்தச் சட்டம் விலக்களிக்கிறது. ஆயினும் பதிவேட்டில் நிலம் என்றிருக்கும் வரை வீட்டுக்கடன் தர வங்கி தயங்கியது. ஆகவே ஆறாம் படிவமும் கொடுக்க வேண்டியிருந்தது. 2021இல் வந்த சலுகைப்படி 25 சென்ட் வரையிலான சிறு உரிமையாளருக்குக் கட்டணமில்லை; அவருடைய 22 சென்ட் அதற்குள் அடங்கியது. அதற்குள் விண்ணப்பங்கள் இணையவழிக்கு மாறியிருந்ததால் மகளே கைப்பேசியில் அனுப்பினாள். நிலஅளவர் வந்து உட்பிரிவு செய்தார். புதிய உட்பிரிவு எண்ணுக்கு எதிரே புரயிடம் என்று எழுதப்பட்டது. பழைய எண்ணில் எஞ்சிய 88 சென்ட்டுக்கு எதிரே நிலம் என்ற சொல் இருந்தபடியே இருக்கிறது.

ஓர் அரசு தன் பட்டியலைக் களத்தில் நடந்து பார்த்து எழுதியிருந்தால், இம்மூன்றாண்டு அலைச்சல் ஒரு பிற்பகல் வேலை. நல்ல சட்டத்தைக் கெட்ட பட்டியல் எப்படிப் பகையாக்குகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. சிறு உடைமையாளர் சட்டத்தை வெறுக்கத் தொடங்கும் இடம் அதுவே; பெரும் உடைமையாளரும் தரகரும் அவ்வெறுப்பைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் இடமும் அதுவே. வயலைக் காக்கும் பொறுப்பை இறுதியில் அன்றைய வெயிலில் ஒரு முதியவரின் கால் விரலிடம் விட்டுவிட்டதைச் சட்டத்தின் வெற்றி என்று யாரும் கொண்டாட முடியாது.

வீடு 950 சதுர அடியில் எழுந்தது. அடுத்த ஆண்டு விரிப்புக்கு நாற்று விட்டபோது பேத்தி வாசற்படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மலையாளப் பள்ளியில் முதல் வகுப்பு படிப்பவள். வயலைக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று தாத்தாவிடம் கேட்டாள். "உங்க பள்ளிக்கூடத்துல என்ன சொல்லுவாங்க கண்ணு?" என்றார் அவர். பாடம் என்றாள். "சரிதான். நல்லாப் படிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் சேற்றில் இறங்கினார்.