பல்லாவரத்து வானூர்தி

மறைமலை நகரிலிருந்து நாள்தோறும் மின்தொடர் வண்டியில் கல்லூரிக்கு வருகிறேன். பல்லாவரம் நெருங்கினால் கண்கள் தாமாகவே சன்னலை நாடும். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழே ஆண்டுகளில், 1910-இல், சென்னையில் உருவான வானூர்தி ஒன்று அங்கேதான் மேலெழுந்தது. அதனை வடிவமைத்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர்! கட்டிக் கொடுத்ததோ, குதிரை வண்டிகள் செய்து பெயர் பெற்ற சிம்ப்சன் நிறுவனம்.

முதலாண்டில் நண்பர்கள் கேட்டபோது, என் தந்தை 'காண்ட்ராக்டர்' என்று பொய் சொன்னேன். அவர் தச்சர். நூலகத்தில் இச்செய்தியைப் படித்த அன்றிரவு, காய்த்துப்போன அவர் கைகளையே பார்த்திருந்தேன்.

"வண்டி செய்தவர்களே விமானமும் செய்திருக்கிறார்கள், அப்பா" என்றேன்.

"என்ன மரமாம்?" என்று ஆவலோடு கேட்டார்.

நண்பர்களே! என் தந்தை ஒரு தச்சர். அன்று மறைத்ததை இன்று பெருமையோடு எழுதுகிறேன்.