ரிமோட் அப்பா கையில்!

எங்க வீட்டில் சினிமா விமர்சனம் எழுத என்னைவிடத் தகுதியான ஆள் ஒருத்தர் இருக்கார். எங்க அப்பா. வயரிங் வேலை பார்க்கிற எலெக்ட்ரீஷியன். டைரக்டர் யாரு, வசூல் எவ்வளவு... எதுவும் அவருக்கு வேண்டாம். படத்தில் ஒரு ஒயர் தொங்கினா போதும், கதையை விட்டுட்டு அதையே பார்ப்பார். ஹீரோ டைம் பாம் பக்கத்தில் சிவப்பு ஒயரா, நீல ஒயரானு வேர்த்துக்கொட்டி நிப்பார். ''முதல்ல பேட்டரியைக் கழட்டச் சொல்லு அவனை!'' என்பார் அப்பா. முடிஞ்சது கிளைமாக்ஸ்.

ஹாஸ்டலில் நான் படம் பார்க்கிற லட்சணமே வேற. செல்போனில் ஒன்றரை ஸ்பீடு. போரடிச்சா பத்துப் பத்து செகண்டா தாவல். வீட்டில் அந்த வேலை நடக்காது. ஆனா, இந்த செமஸ்டர் லீவில் அதுவும் வசதியாத்தான் இருந்துச்சு. டி.வி. ஓடுற வரைக்கும் யாரும் என்கிட்ட ரிசல்ட் பத்திக் கேட்கமாட்டாங்க. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் புட்டுக்கிச்சு. ''இன்னும் ரிசல்ட் வரலைப்பா''னு சொல்லி வெச்சிருந்தேன். ஸோ, ஒரு படம் முடிஞ்சா உடனே அடுத்த படம்!

முதல் நாள் 'வேலையில்லா பட்டதாரி' (2014). தனுஷ் மூச்சு விடாம பேசுற சீனுக்கு எங்க ஹாஸ்டலே விசிலடிக்கும். அப்பா, அம்மா சாகிற இடத்தில் மட்டும் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அப்புறம் ஒரே வரி: ''சிகரெட்டைக் குறைச்சிருக்கலாம்.'' இப்போ பார்க்கிறப்போ எனக்கும் முதல் பாதிதான் பிடிச்சது. வில்லன் வந்ததும் வழக்கமான படமாகிடுது.

அடுத்து 'தலைவெட்டியான் பாளையம்' (2024). 2020-ல் வந்த இந்தி 'பஞ்சாயத்'தோட தமிழ் வடிவம். இன்ஜினீயரிங் முடிச்ச பையன் கிராமத்துப் பஞ்சாயத்து செக்ரட்டரியா போய் மாட்டிக்கிற கதை. எனக்கு இந்திதான் ஒசத்தி. அப்பாவுக்குத் தமிழ்தான். காரணம், டைரக்டர் நாகா. '''விடாது கருப்பு' எடுத்த ஆளும்மா! அது ஓடுறப்போ ராத்திரி தனியா கொல்லைப்பக்கம் போகமாட்டோம்'' என்றார். எலெக்ட்ரீஷியனுக்கே இருட்டுன்னா பயமா!

ஒருநாள் துணிஞ்சு '12 ஆங்ரி மென்' போட்டேன். சிட்னி லூமெட் எடுத்தது, 1957. கறுப்பு வெள்ளை. ஒரு ரூம், பன்னிரண்டு ஜூரிகள், வெறும் பேச்சு. அதுவும் இங்கிலீஷ்! நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து லைவ் டப்பிங். தூங்கிடுவார்னு நினைச்சா... நிமிர்ந்து உட்கார்ந்துட்டார். அந்த ரூமில் ஒரு ஃபேன் ஓடாது. எல்லாருக்கும் வேர்த்து ஊத்தும். மழை இருட்டி லைட் போட்டதும் ஃபேன் தானா சுத்தும். ''பார்த்தியா, ரெண்டும் ஒரே சுவிட்ச்!'' என்று கைதட்டினார். மூணு தடவை பார்த்த நான் அந்த ஃபேனை ஒரு தடவைகூட கவனிச்சதில்லை. எங்கே கவனிக்க... தாவியிருப்பேன்.

அந்தத் தெம்பில்தான் 'செர்னோபில்' ஆரம்பிச்சோம். 2019-ல் ஹெச்.பி.ஓ. எடுத்த தொடர், மொத்தமே அஞ்சு எபிசோடு. 1986 ஏப்ரல் 26 ராத்திரி வெடிச்ச நாலாவது அணு உலையோட கதை. மூணாவது எபிசோடில் அம்மா, ''சாப்பிடுற நேரத்துல இதைப் போடாதீங்க''னு எழுந்து போயிட்டாங்க. நியாயம்தான்.

அஞ்சாவது எபிசோடு கோர்ட் சீன். விஞ்ஞானி லெகாசோவ் சிவப்பு அட்டை, நீல அட்டைகளை மாட்டி உலை எப்படி வெடிச்சதுனு விளக்குவார். (நிஜத்தில் அவர் அந்த விசாரணைக்கே போகலை. அது தொடருக்காகச் சேர்த்தது.) சிவப்புன்னா வேகம் கூடுது. நீலம்னா குறையுது. நான் பாதியில் பாஸ் பண்ணச் சொல்லி, பேப்பர் எடுத்துப் படமே போட ஆரம்பிச்சுட்டேன்.

''பவர் ரொம்ப இறங்கிடுச்சுப்பா. ஏத்துறதுக்காக கன்ட்ரோல் ராடை எல்லாம் உருவிட்டாங்க. தண்ணி ஆவியாக ஆவியாக வேகம் இன்னும் கூடும். கூடினா இன்னும் ஆவி. இதுக்குப் பேரு பாசிட்டிவ் ஃபீட்பேக். கடைசியில நிறுத்துறதுக்கு பட்டனை அமுக்கினா, இறங்கின ராடோட முனையில கிராஃபைட். அது முதல்ல வேகத்தைக் கூட்டிடுச்சு.''

''பிரேக்கை மிதிச்சா வண்டி சீறுதா?''

''அதேதான்ப்பா!''

''இந்தக் கோளாறு முன்னாடியே தெரியாதா?''

''மேல இருக்கிறவங்களுக்குத் தெரியும். மறைச்சுட்டாங்க.''

சொல்லி முடிச்சதும் தொண்டை ஒரு மாதிரி ஆகிடுச்சு. அப்பா நான் போட்ட படத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

''இவ்வளவு வெவரமா சொல்றியே... அப்புறம் எப்படிம்மா அந்தப் பேப்பர் போச்சு?''

எனக்குக் காது அடைச்சிடுச்சு. காலேஜிலிருந்து ரிசல்ட் மெசேஜ் அப்பா நம்பருக்கும் வருமாம். வந்து பன்னிரண்டு நாள் ஆச்சாம். அன்னிக்கு ராத்திரிதான் 'வேலையில்லா பட்டதாரி' ஓடினது!

''ஏம்ப்பா கேட்கலை?''

''நீயா சொல்லுவேனு பார்த்தேன். நீ படமா போட்டுத் தள்ளுற...''

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. அம்மாவுக்குத் தெரியுமானு கேட்டேன். தெரியாதாம். ''அதை நீயே சொல்லிக்கோ'' என்றார். மறுபடி எழுத எவ்வளவு கட்டணும், என்னிக்குள்ள கட்டணும்னு கேட்டுக் குறிச்சுக்கிட்டார்.

அப்புறம் ரிமோட்டை எடுத்து பின்னாடி ஓட்டினார்.

''செனான்னு என்னமோ ஒரு அட்டை மாட்டினானே, அதை நீ சொல்லாம தாவிட்ட. அது என்னது?''