விம் கணக்கில் ஓர் எழுத்து என்பது எது?

தாராவி என்னும் பெயரில் எழுத்துகள் 3. ஒருங்குறி அதை 6 குறிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. யுடிஎஃப்-8 கோப்பில் அது 18 பைட்டு. மாட்டுங்கா 5 எழுத்து, 10 குறி, 30 பைட்டு. செம்பூரில் அறையெடுத்துத் தங்கி, தாராவிப் பேச்சை ஒலிப்பதிவு செய்து எழுத்தில் பெயர்த்துவரும் ஆய்வு மாணவி ஒருவருக்கு இந்த எண்கள் வெறும் வேடிக்கையல்ல. அவருடைய கோப்புகள் துறையின் வழங்கியில் இருக்கின்றன. முனையத்தின் வழியாக உள்நுழைந்து விம் தொகுப்பியில் திருத்துவதே அவர் வழக்கம்.

பில் ஜாய் 1976இல் எழுதிய விஐ தொகுப்பியின் வழித்தோன்றலான விம்மை, பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்டார். 2001இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் யுடிஎஃப்-8 அதற்குள் முறையாகக் குடியேறியது. விம்மில் கட்டளையிடும் நிலை வேறு, எழுதும் நிலை வேறு. கணினியின் விசைப்பலகையையே தமிழ்99க்கு மாற்றிவிட்டால் கட்டளை நிலையிலும் தமிழ் எழுத்தே போய்ச் சேரும். அழி, நகர், சேமி எதுவும் நடவாது. ஆகவே தமிழை எழுதும் நிலைக்கு மட்டும் உரியதாக்க விசைவரைபடம் ஒன்று தேவை. விம்முடன் தொன்றுதொட்டு வரும் தமிழ் வரைபடமோ பழைய டிஸ்கி குறியாக்கத்துக்குரியது. மாணவி தமக்கென ஒருங்குறி வரைபடம் ஒன்றை உருவாக்கிக்கொண்டார். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 வரி, கிரந்தம் தனி. கையால் எழுதினால் ஒரு நாள் போகும். சிறு நிரல் ஒன்று நொடியில் முடித்தது.

உண்மையான சிக்கல் திரையில் இருந்தது. விம் உயிர்மெய்க் குறிகள் அனைத்தையும் முன்னெழுத்தின்மேல் ஒட்டுவனவாக எடுத்துக்கொண்டு, தாராவிக்கு 3 கட்டம் ஒதுக்குகிறது. பல முனையங்கள் வேறொரு கணக்குப் போடுகின்றன. ஒருங்குறி அட்டவணையில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம்பிடிக்காத குறிகள். துணைக்காலும் இகரக் குறியும் இடம்பிடிப்பவை. எனவே முனையத்துக்குக் ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒரு கட்டம். தாராவி 6 கட்டம். குறிலுக்கு இரண்டும் நெடிலுக்கு ஒன்றும் தரும் இக்கணக்கை எந்த இலக்கண ஆசிரியரும் ஒப்பமாட்டார். தொகுப்பியும் முனையமும் ஒன்றையொன்று நம்பாததால் வரியின் நடுவே இடஞ்சுட்டி ஓரிடத்தில் நிற்க, திருத்தம் வேறிடத்தில் விழுவதுபோல் தோன்றும். கண்ட்ரோல்-எல் அழுத்தித் திரையை மறுபடி வரையச் செய்வது ஓரளவு ஆறுதல். முழுத் தீர்வு விம்மின் அமைப்புக் கோப்புக்குள் இல்லை.

ஆனால் அதே கோப்பில் ‘டெல்கம்பைன்’ என்றொரு அமைப்பு உண்டு. அரபு, எபிரேய எழுத்தாளர்களை மனத்திற்கொண்டு வந்தது அது. அதை இயக்கினால் அழிக்கும் விசை ஒட்டுக்குறியை மட்டும் நீக்கும். இயக்காவிட்டால் எழுத்து முழுவதும் போகும். ஆகாரத்தை ஏகாரமாக்க வேண்டியவருக்கு முதலாவது வசதியாகத் தோன்றும். புள்ளியிடம் வரும்போதுதான் அதன் குணம் தெரிகிறது. ‘வந்தேன்’ என்பதன் இறுதியில் ஒருமுறை அழித்தால் ‘வந்தேன’ என்று நிற்கும். அழித்ததற்குப் பலனாக ஓர் அகரம் கூடிவிட்டது! தொல்காப்பியத்துக்கு மெய்யே அடிப்படை. புள்ளி அதன் இயல்பு. அகரம் ஏறும்போது புள்ளி நீங்குகிறது. 1988இன் இஸ்கி வரிசையைத் தழுவிய ஒருங்குறியிலோ அகரமேறிய எழுத்தே அடிப்படை. புள்ளி பிறகு வந்து ஒட்டுவது. இருவேறு இலக்கணக் கொள்கைகள் ஓர் அழிப்பு விசையில் மோதுகின்றன. மாணவி அந்த அமைப்பை அணைத்தே வைத்திருக்கிறார். பேச்சுப் பெயர்ப்பில் ஓர் ஈற்றுயிர் தவறிக் கூடினால் அது எழுத்துப்பிழையாகத் தெரியாது, தரவாகவே தெரியும்.

ஈற்றில்தான் அவர் ஆய்வே இருக்கிறது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவிக்கு வந்தோரின் வழியினர் ‘மாமா வந்தாவ’ என்பார்கள். மாட்டுங்காவின் அக்ரகாரத் தமிழில் அது ‘வந்தா’. திரைப்படமும் தொலைக்காட்சியும் கற்பித்த இளையோர் வாயில் ‘வந்தாங்க’. எந்தத் தலைமுறையில், எந்தத் தெருவில் ‘ஆவ’ தேய்கிறது என்பதே கேள்வி. மறுசீரமைப்பால் தெருக்களே கலையவிருக்கும் இடத்தில் இதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வழியில்லை.

இங்கே, திரையில் தடுமாறும் விம் தேடலில் கைகொடுக்கிறது. குறிகளை வரிசையாக ஒப்பிடும் கிரெப் போன்ற கருவியிடம் ‘வ’ கேட்டால் வி, வு, வ் எல்லாவற்றையும் அள்ளிவரும். விம்மிடம் ‘வ’ என்றால் அகரமேறிய ‘வ’ மட்டுமே. தேடலை ஒட்டுக்குறியில் தொடங்கினாலோ, அக்குறியேறிய எழுத்து எதுவாயினும் அகப்படும். புள்ளியை மட்டும் தேடினால் கோப்பிலுள்ள மெய்யெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். ஆகவே துணைக்கால், அடுத்து ‘வ’, அடுத்துச் சொல்லிறுதி என்று மூன்றே உறுப்புகளில் ‘ஆவ’ ஈறுகளைத் திரட்டிவிடலாம். பிராம் மூலெனார் 2023இல் மறைந்தார். தமிழ் மெய்யெழுத்துகளைத் தேடித் தரும் கருவியொன்றைச் செய்ததாக அவர் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

திரண்டவற்றில் ‘வந்தாவ’, ‘சொன்னாவ’ ஆகியவற்றோடு ‘அப்பாவ பாத்தேன்’ என்னும் இரண்டாம் வேற்றுமையும் கலந்து வருகிறது. அதைப் பிரிக்க எந்த அமைப்பும் இல்லை. மாணவி ஒவ்வொரு வரிக்கும் ஒலிப்பதிவை ஓடவிட்டு, முன்னும் பின்னும் இரண்டு சொல் கேட்டு, ‘வினை’ என்றோ ‘வேற்றுமை’ என்றோ வரியின் முன் குறித்துக்கொண்டு போகிறார்.