கடைசியில் நின்ற ஒரு 'டு'

சென்ற ஆண்டு ஊரில் இருந்த வீட்டைக் காலிசெய்தபோது, பரண்மேல் ஒரு தகரப் பெட்டியில் அப்பாவின் நாட்குறிப்புகள் கிடைத்தன. அப்பா வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய கை என்பதால் நாட்குறிப்பையும் ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தார். பால் பாக்கி, மின்கட்டணம், யார் வீட்டுத் திருமணத்துக்கு எவ்வளவு மொய், மழை பெய்ததா இல்லையா என்பன போன்ற செய்திகள்தாம். 1988ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதப் பக்கம் ஒன்றில் இப்படி இருந்தது: "சன் ஹார்ட் டு டாக் டு. ரெய்ன் அட் நைட்." அப்போது எனக்குப் பதினேழு வயது.

சிறுவயதில் எனக்குத் திக்குவாய் உண்டு. பள்ளிப் படிப்பு முடியும்வரை அது முற்றாக விலகவில்லை. ஆகவே அந்த வரியை மகன் பேசுவதற்குச் சிரமப்படுகிறான் என்றே வாசித்தேன். என் திக்குவாயைப் பற்றி வீட்டில் ஒருநாளும் வாய் திறக்காத மனிதர், அதை ஒரு வரியாகவேனும் குறித்து வைத்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். மனைவியிடம் படித்துக் காட்டினேன். தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, வேறேதோ ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான், அந்த வரியின் கடைசியில் நின்ற இரண்டாவது 'டு' நெருடத் தொடங்கியது.

கைப்பிழை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. அப்பா ஆங்கிலத்தில் பிழை விடுகிறவர் அல்லர். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ரென் - மார்ட்டின் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாக்கியங்களை மாற்றி எழுதச் சொல்வார். 'டூ' வரும் வாக்கியத்தில் அதை நீக்கிவிட்டு 'ஸோ... தட்' போட்டு எழுத வேண்டும். நம்மில் பலர் செய்து சலித்த பயிற்சி. "தி பாய் இஸ் டூ டயர்ட் டு வாக்" என்றால், "ஸோ டயர்ட் தட் ஹி கேனாட் வாக்". அதே சூத்திரத்தை வைத்துக்கொண்டு "தி டீ இஸ் டூ ஹாட் டு ட்ரிங்க்" என்பதை "ஸோ ஹாட் தட் இட் கேனாட் ட்ரிங்க்" என்று எழுதி நீட்டினேன். அப்பா சிரித்த அபூர்வமான தருணங்களில் அது ஒன்று. "தேநீர் எதைடா குடிக்கும்?" என்றார்.

அந்தக் கேள்விக்குள் ஆங்கில இலக்கணத்தின் நுட்பமான ஒரு பகுதி அடங்கியிருக்கிறது என்பது பிற்பாடு புரிந்தது. இரண்டு வாக்கியங்களுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. ஒரு பெயர், ஒரு பெயரடை, பின்னால் 'டு'வோடு ஒரு வினை. ஆனால் முதல் வாக்கியத்தில் சிறுவன் நடக்கிறவன்; இரண்டாவதில் தேநீர் குடிக்கப்படுவது. குடிக்கிறவர் வாக்கியத்தில் எங்குமே இல்லை. பெயரடைதான், சில வேளைகளில் சூழலும், உள்ளே மறைந்திருக்கும் உறவைக் காட்டிக்கொடுக்கிறது.

மொழியியல் படித்தவர்கள் இதற்கு எடுத்துக்காட்டும் புகழ்பெற்ற இணை ஒன்று உண்டு. ஜான் என்பவன் 'ஈகர் டு ப்ளீஸ்', ஜான் என்பவன் 'ஈஸி டு ப்ளீஸ்'. முதலாமவன் பிறரை மகிழ்விக்கத் துடிப்பவன். இரண்டாமவனைப் பிறர் எளிதில் மகிழ்வித்துவிடலாம். நோம் சோம்ஸ்கி 1964இல் வெளியான தம் நூலில் இதை விவாதித்தார். மேலே ஒரே வடிவம் கொண்ட வாக்கியங்கள் அடியில் வேறு வேறு உறவுகளைக் கொண்டிருக்கின்றன என்பது அவர் வாதம்.

அவருடைய மனைவி கேரல் சோம்ஸ்கி இதைக் குழந்தைகளிடம் கொண்டுபோனார். ஐந்து முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளின் மொழியறிவைப் பற்றி 1969இல் அவர் வெளியிட்ட ஆய்வில், கண்ணைத் துணியால் கட்டிய ஒரு பொம்மை வருகிறது. பொம்மையைக் காட்டி, இது 'ஈஸி டு சீ'யா, 'ஹார்ட் டு சீ'யா என்று கேட்கிறார். பொம்மை கண்ணெதிரேதான் இருக்கிறது. ஆனாலும் சிறு குழந்தைகள் பலர் 'ஹார்ட்' என்றார்கள். பொம்மையின் கண்தான் கட்டப்பட்டிருக்கிறதே, அதனால் எப்படிப் பார்க்க முடியும்? சரி, எளிதாக்கு என்றால் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். வயதில் மூத்த குழந்தைகள் சரியாகப் புரிந்துகொண்டார்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கும் இது தாமதமாகத்தான் வசப்படுகிறது என்று அறிந்தபோது, தேநீரைக் குடிக்க வைத்த எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கவனித்துப் பார்த்தால் அன்றாட ஆங்கிலத்தில் இந்த அமைப்பு எத்தனை விதமாகத் தொழிற்படுகிறது! "ஹி இஸ் ஷ்யூர் டு வின்" என்பதில் உறுதி வெல்லப்போகிறவனுடையதன்று, சொல்லுகிறவனுடையது. அவனுக்கே நம்பிக்கை இல்லாமலும் இருக்கலாம். "ஷ்யூர் ஆஃப் வின்னிங்" என்றால்தான் நம்பிக்கை அவனுக்குரியதாகும். "கிளாட் டு மீட் யூ" என்னும்போது சந்திப்பு மகிழ்ச்சிக்குக் காரணம். "க்விக் டு ரிப்ளை" என்றால் பெயரடை ஆளைத் தொட்டுவிட்டு, பதிலின் வேகத்தைச் சொல்கிறது. ஒரு புத்தகம் 'இம்பாசிபிள் டு ரீட்' ஆகலாம். ஆனால் 'பாசிபிள் டு ரீட்' என்று ஆங்கிலேயர் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால், காதுக்குச் சரியாக இல்லை என்பார்கள். விதிகளைக் காதில் வைத்திருப்பவர்கள் தாய்மொழிக்காரர்கள். நம்மைப் போன்றவர்கள் கையில் வைத்துக்கொண்டு தடுமாறுகிறோம்.

தமிழில் இது இல்லாமல் இல்லை. 'பழக இனியவர்' என்கிறோம். பழகுவது நாம், இனியவர் அவர். இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர், காண்பதற்கு எளியவனாக அரசன் இருக்க வேண்டும் என்கிறார். அங்கும் காண்பது குடிமக்கள், எளியவன் அரசன். 'கோழி சாப்பிடத் தயார்' என்றால் ஆங்கிலத்தில் போலவே நமக்கும் இரு பொருள். வேறுபாடு ஓர் இடத்தில் வருகிறது. 'அவருடன் பழகுவது இனிது' என்பதில் இருக்கும் 'உடன்', 'பழக இனியவர்' என்று ஆகும்போது உதிர்ந்துவிடுகிறது. பெயர் இடம் மாறினால் வேற்றுமை உருபும் சேர்ந்து மறைவது நம் மொழியின் இயல்பு. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. பெயர் வாக்கியத்தின் முன்னால் போய்விட்டாலும், அதைத் தாங்கியிருந்த முன்னிடைச் சொல் பழைய இடத்திலேயே தனியாக நிற்கும். ஆள் எழுந்து போன பின்னும் திண்ணையில் கிடக்கும் துண்டைப் போல.

அப்பாவின் வரியில் நின்ற கடைசி 'டு' அதுதான். என் தமிழ்க் காது அதைத் தேவையற்றது என்று தள்ளிவிட்டிருக்கிறது. மகன் பேசச் சிரமப்படுகிறான் என்று அவர் எழுதவில்லை. மகனிடம் பேசுவது கடினமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். முப்பது வருடங்களுக்கும் மேலாகியும் நான் மறுபடியும் தேநீரைக் குடிக்க வைத்திருந்தேன்.

உண்மையைச் சொன்னால் முதலில் கோபம்தான் வந்தது. பேசாதவர் அவர். அலுவலகம் விட்டு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விடுவார். அவரிடம் கேட்க வேண்டியவற்றை அம்மா வழியாகவே கேட்டு வளர்ந்தோம். அவர் என்னைப் பற்றி இப்படி எழுதுவதா? இதே வரியை அவரைப் பற்றி நான் எழுதியிருந்தால் நண்பர்கள் யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

பிறகு இலக்கணமே என்னைச் சற்று நிதானப்படுத்தியது. இந்த வகை வாக்கியத்தில் 'ஹார்ட்' என்பது எழுவாயின் குணத்தைச் சொல்வதில்லை. செயலின் தன்மையைச் சொல்கிறது. மகன் கடினமானவன் என்பது இதற்குப் பொருளன்று. பேசுவதுதான் கடினம். யாருக்குக் கடினம் என்பதை அப்பா எழுதவில்லை. அதைச் சொல்லாமல் விட ஆங்கிலம் இடம் தருகிறது. 'ஃபார் மி' என்ற இரண்டு சொற்களை அவர் எழுதாததற்கு நாட்குறிப்பில் இடப்பற்றாக்குறை காரணமாக இருக்க முடியாது. பக்கத்தில் முக்கால்வாசி வெறுமையாகத்தான் இருக்கிறது.

அன்று என்ன நடந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு. மேலே என்ன படிப்பது என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த காலம். ஒருவேளை மாடிப்படியில் வந்து நின்று ஏதோ கேட்டிருப்பார். நான் திக்கிவிடுவோம் என்ற பயத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பார்த்திருப்பேன். இவை ஊகங்கள். ஆனால் ஒன்று மட்டும் ஊகமில்லை. ஒரு செயல் கடினம் என்று எழுதுகிறவர், அதைச் செய்ய முயன்று பார்த்திருக்க வேண்டும்.

தம்பியை மறுபடி அழைத்து, நான் முன்பு சொன்னது தவறு, அந்த வரிக்குப் பொருள் வேறு என்றேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு அண்ணா" என்றான். அனுப்பினேன். மற்ற ஆண்டுகளின் குறிப்புகளையும் இப்போது வாசித்துவருகிறேன், ஒரு சொல்லையும் தாண்டாமல்.